டக்ஸ்ஃபோர்டு போர் விமான அருங்காட்சியகம்: ஊரிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கேம்பிரிட்ஜ் பக்கம் குடியிருப்பவன் நான். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் கிங்ஸ் காலேஜ், இரண்டாம் நாள் டக்ஸ்ஃபோர்டு என்று வழக்கமாகிவிட்டது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வாட்ஸ்அப்பில் கொஞ்சம், காரின் பின்சீட்டிலிருந்து கொஞ்சம், திரும்பி வந்து சாப்பிட உட்காரும்போது மிச்சம் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் அல்லவா?

டக்ஸ்ஃபோர்டு என்பது என்ன இடம்?

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள், எம்-11 நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் பழைய ராயல் ஏர் ஃபோர்ஸ் தளம். இப்போது இம்பீரியல் வார் மியூசியத்தின் கிளை. லண்டனில் இருக்கும் தலைமை மியூசியத்தைப் பார்த்தவர்கள் அதே மாதிரி ஒரு கட்டடத்தை எதிர்பார்த்து வருகிறார்கள். இது கட்டடம் இல்லை, ஓர் ஊர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மைலுக்குக் கிட்ட நடை. வரிசையாக ஹேங்கர்கள் என்ற விமானக் கொட்டகைகள், படைவீரர்கள் தங்கிய செங்கல் கட்டடங்கள், நடுவில் ஓடுபாதை, அதற்கு அந்தப் பக்கம் வெறும் வயல்.

மியூசியம் என்றால் இங்கே விமானமே பறக்காதா?

பறக்கும். அதுதான் இந்த இடத்தின் ருசியே. ராணுவத் தளம் என்ற வேலை 1961ல் முடிந்துபோனாலும், விமானத்தளம் என்ற வேலை முடியவில்லை. ஒரு கடினப் பாதையும் அதற்கு இணையாக ஒரு புல் பாதையும் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. கண்காட்சி எதுவும் இல்லாத சாதாரண நாளில்கூட, வெயில் அடித்தால், நீங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் ஒரு ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானம், போகும். அந்தச் சத்தத்தை வீடியோவில் கேட்டவர்கள் நேரில் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எங்கள் வீட்டில் பேச்சை நிறுத்தாத ஒரு சித்தப்பாவே நிறுத்தினார்.

தரையில் ஸ்பிட்ஃபயர் நேராக ஓடாமல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவதைப் பார்த்து, "பைலட்டுக்கு ஓட்டத் தெரியவில்லையா?" என்று ஒருவர் கேட்டார். தெரியும். வால் பக்கம் தாழ்ந்தும் மூக்கு தூக்கியும் நிற்கும் விமானம் அது. நீண்ட எஞ்சின் முன்பக்கப் பார்வையை முழுக்க மறைத்துவிடும். அதனால் இடமும் வலமும் மாறி மாறித் திருப்பி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும். நின்ற இடத்தில் ரொம்ப நேரம் எஞ்சினை ஓட்டினால் சூடேறிவிடும் என்ற அவசரம் வேறு.

இந்தத் தளத்துக்கு ஏன் இவ்வளவு பெயர்?

முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1918ல் திறந்த தளம் இது. அப்போது கட்டிய மரச்சட்டக் கூரை ஹேங்கர்கள் இன்றும் நிற்கின்றன. உள்ளே போனால் விமானத்தைப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். இரும்பு உத்தரம் இல்லாமல் சின்னச் சின்ன மரத்துண்டுகளைப் பின்னிப் பின்னி அவ்வளவு அகலத்தைத் தாண்டியிருக்கிறார்கள்.

1938 ஆகஸ்ட் 4 அன்று ராயல் ஏர் ஃபோர்ஸின் முதல் ஸ்பிட்ஃபயர் வந்து சேர்ந்தது இங்கேதான். 19வது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு அதைப் பெற்றுக்கொண்டது. அதுவரை அவர்கள் ஓட்டியது கான்ட்லெட் என்ற இரண்டடுக்கு இறக்கை விமானம், திறந்த காக்பிட். அதிலிருந்து இறங்கி இதில் ஏறியவர்களின் நிலையை, டிவிஎஸ் 50ஐ விட்டு நேராகப் பந்தய பைக்கில் ஏறியவனின் நிலையோடுதான் ஒப்பிட வேண்டும். போர் தொடங்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அந்த ஒரு வருஷத்தில்தான் புது விமானத்தின் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை இவர்களுக்கு.

1940ல் ஜெர்மனி வான்வழியாகப் பிரிட்டனைத் தாக்கியபோது டக்ஸ்ஃபோர்டு ஒரு செக்டரின், அதாவது ஒரு காவல் பகுதியின், தலைமைத் தளம். நாட்டைப் பிரித்துப் பாதுகாத்த குழுக்களில் இது 12வது குழுவைச் சேர்ந்தது, நடு இங்கிலாந்தின் காவல் அந்தக் குழுவுக்கு. தெற்கே லண்டனையும் கடற்கரையையும் பார்த்துக்கொண்டது 11வது குழு. இந்த இரண்டு குழுக்களுக்கும் நடுவில் ஒரு பெரிய மனஸ்தாபம். அதைத்தான் அடுத்த கேள்வியாக எல்லோரும் கேட்பார்கள்.

'பிக் விங்' சண்டை என்பது என்ன?

டக்ளஸ் பேடர் என்று ஒரு பைலட். 1931ல் நடந்த விபத்தில் இரண்டு கால்களையும் இழந்து, செயற்கைக் கால்களோடு மறுபடி போர் விமானம் ஓட்டியவர். அவர் சொன்னது இது: இரண்டு மூன்று என்று பிய்த்துப் பிய்த்து அனுப்பாதீர்கள், ஐந்து ஸ்குவாட்ரன்களைச் சேர்த்து ஒரே கூட்டமாக அடிப்போம். 12வது குழுவின் தளபதி லீ-மல்லரி தலையாட்டினார். 'பிக் விங்' என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டம் டக்ஸ்ஃபோர்டிலிருந்து புறப்பட்டது. அதில் இங்கேயே உருவான செக் பைலட்டுகளின் 310வது ஸ்குவாட்ரனும், போலந்துக்காரர்களின் 302வது ஸ்குவாட்ரனும் உண்டு. தங்கள் நாடு பறிபோன பின் ஓடி வந்து சண்டை போட்டவர்கள்.

11வது குழுவின் தளபதி கீத் பார்க்குக்கு இது பிடிக்கவே இல்லை. ஐந்து ஸ்குவாட்ரன்களை வானத்தில் ஒன்று சேர்ப்பதற்குள் எதிரி குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவான், நான் உதவி கேட்டது என் தளங்களைக் காப்பாற்ற என்பது அவர் பக்கம். 1940 செப்டம்பர் 15 அன்று பெரிய கூட்டம் லண்டன் மேல் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது, ஜெர்மன் பைலட்டுகளுக்கு அது பெரிய அதிர்ச்சி. அன்று மொத்தம் 185 விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. உண்மையில் விழுந்தது ஏறக்குறைய 60. ஒரே விமானத்தை நாலு பேர் சுட்டால் நாலு பேரும் தன் கணக்கில் எழுதுவார்கள். கூட்டம் பெரிதானால் கணக்கும் பெருக்கும். என்னைக் கேட்டால் பார்க் சொன்னதுதான் சரி. ஆனால் டக்ஸ்ஃபோர்டில் நின்றுகொண்டு இதை உரக்கச் சொல்லாதீர்கள்.

ஆபரேஷன்ஸ் ரூம் பார்க்க வேண்டுமா? அங்கே விமானமே இல்லையே?

முதலில் அங்கே போங்கள். ஒரு பெரிய மேசை, அதன் மேல் வரைபடம், சுற்றிலும் டெலிபோன். கடற்கரை ரேடார்களும், தரையில் நின்று வானத்தைப் பார்த்த தன்னார்வக் காவலர்களும் சொன்ன தகவல்கள் வடிகட்டப்பட்டு இங்கே வந்து சேரும். இளம்பெண்கள் நீண்ட கோலால் மேசை மேல் வில்லைகளைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். நம் ஊர் கேரம் போர்டை ஒரு ஹால் அளவுக்குப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி.

சுவரில் இருக்கும் கடிகாரத்தைக் கவனியுங்கள். ஐந்து ஐந்து நிமிஷத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று முக்கோணங்கள் தீட்டியிருக்கும். அந்த நேரத்தில் எந்த நிறமோ அந்த நிறத்தில்தான் மேசையில் குறி வைக்க வேண்டும். மேலே உட்கார்ந்திருக்கும் அதிகாரி நிறத்தைப் பார்த்ததும், இது இப்போது வந்த தகவலா பத்து நிமிஷம் பழசா என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் பழைய செய்தியை நம்பி ஏமாறாமல் இருக்க இதைவிட எளிய வழி என்ன இருக்க முடியும்? ஸ்பிட்ஃபயரைவிட இந்தக் கடிகாரம்தான் என்னை அதிகம் அசர வைத்தது. கூட்டி வந்தவர்களில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

அமெரிக்கர்கள் இங்கே எப்படி வந்தார்கள்?

1943 ஏப்ரலில் அமெரிக்க வான்படையின் 78வது ஃபைட்டர் குரூப் இங்கே வந்து இறங்கியது. முதலில் தண்டர்போல்ட் போர் விமானங்கள், 1944 கடைசியில் மஸ்டாங். மூக்கில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம் போட்ட விமானம் எதையாவது இங்கே பார்த்தால் அது அவர்களுடைய அடையாளம். குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணைக்குப் போய் வருவது அவர்களின் முக்கிய வேலை. அதுவரை இங்கே புல்தரைதான். கனமான விமானங்களும் மழையும் சேர்ந்ததும் தளம் சேறாகி, 'டக்பாண்ட்', அதாவது வாத்துக் குளம் என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. ஓட்டை போட்ட இரும்புத் தகடுகளைக் கோத்து விரித்துச் சமாளித்தார்கள். சிமென்ட் ஓடுபாதை வந்தது போருக்குப் பிறகு, ஜெட் விமானங்களுக்காக.

தளம் எப்படி மியூசியம் ஆனது?

யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. 1961 ஜூலையில் கடைசி ராணுவ விமானம் கிளம்பிப் போனது. ரொம்பத் தெற்கேயும் கடற்கரையிலிருந்து ரொம்ப உள்ளேயும் இருந்ததால் ஜெட் காலத்துக்கு இந்த இடம் ஒத்து வரவில்லை. விளையாட்டு மைதானம் ஆக்கலாம், சிறைச்சாலை கட்டலாம் என்றெல்லாம் பேச்சு. எதுவும் நடக்கவில்லை. நடுவில் 1968ல் ஒரு சினிமாக் கம்பெனி வந்து, வான்போர்ப் படம் எடுக்கிறோம் என்று நிஜ ஹேங்கர் ஒன்றையே வெடி வைத்துத் தகர்த்தது. ஹேங்கர் வரிசையில் ஓர் இடைவெளி தெரிகிறதே, ஜெர்மன் குண்டு விழுந்ததா என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். ஜெர்மன்காரன் செய்யாததை சினிமாக்காரன் செய்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இம்பீரியல் வார் மியூசியம் லண்டனில் அடங்காத பெரிய சாமான்களைப் போட்டு வைக்க இடம் தேடியது. ஒரு ஹேங்கர் கிடைத்தது. உள்ளூர் ஆர்வலர்கள் கூடினார்கள், சனி ஞாயிறில் வந்து துரு சுரண்டினார்கள், 1975ல் டக்ஸ்ஃபோர்டு ஏவியேஷன் சொசைட்டி என்று சங்கம் அமைத்தார்கள். 1977ல் கவுண்டி நிர்வாகம் ஓடுபாதையை வாங்கியது. இப்படித்தான், பொருள் சேமிப்புக் கிடங்கு மெல்ல மெல்ல மியூசியம் ஆனது. இன்றும் சிவில் விமானங்களைப் பராமரிப்பது அந்தச் சங்கத்தின் தன்னார்வலர்கள்தான். ஏதாவது விமானத்தின் அடியில் ஸ்பேனரோடு ஒரு தாத்தா படுத்திருந்தால் தயங்காமல் பேச்சுக் கொடுங்கள். பலகையில் எழுதாததெல்லாம் அவருக்குத் தெரியும்.

நேரம் குறைவு, ஒரே ஒரு விமானம் பார்க்கலாம் என்றால் எது?

என்3200 என்ற எண் கொண்ட ஸ்பிட்ஃபயர். அது எந்த ஹேங்கரில் நிற்கிறது என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில நேரம் பறக்கப் போயிருக்கும்.

1940 மே 26. பிரெஞ்சுக் கரையில் டன்கர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பி வரத் தொடங்கிய நேரம். டக்ஸ்ஃபோர்டின் 19வது ஸ்குவாட்ரன் தலைவர் ஜெஃப்ரி ஸ்டீஃபன்சன் இந்த விமானத்தை ஓட்டிப் போனார். சண்டைக்கு அது போனது அதுவே முதல் முறை. சுடப்பட்டு, காலே பக்கம் சாங்காத் கடற்கரையில் வயிறு உரச இறங்கியது. அவர் உயிரோடு இறங்கி நடந்து போய்க் கடைசியில் பிடிபட்டார். ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறை வரை போனவர். விமானத்தை மணல் விழுங்கியது.

நாற்பத்தாறு வருஷம் கழித்து, 1986ல், கடலின் நீரோட்டம் மணலை அரித்து அதை வெளியே காட்டியது. அதற்குப் பிறகு நீண்ட காலம் பழுது பார்த்து, 2014 மார்ச்சில் டக்ஸ்ஃபோர்டிலிருந்து மறுபடி பறந்தது. 2015ல் மியூசியத்துக்கே நன்கொடையாக வந்துவிட்டது. 1940ல் எந்தத் தளத்தின் ஸ்குவாட்ரனில் இருந்ததோ, அதே தளத்துக்கு வீடு திரும்பிவிட்டது. ஸ்டீஃபன்சன் அதைப் பார்க்க இல்லை. போருக்குப் பின் 1954ல் அமெரிக்காவில் ஒரு ஜெட் விமானத்தைச் சோதிக்கும்போது இறந்துபோனார்.

இத்தனை பழுது பார்த்த பிறகு அதை அசல் என்று சொல்லலாமா?

பின்சீட்டிலிருந்து வரும் கேள்விகளில் இதுதான் எனக்குப் பிடித்தது. நேர்மையான பதில்: பறக்கும் பழைய விமானங்களில் புது உலோகம் நிறைய. உப்புத் தண்ணீரில் கிடந்த அலுமினியத்தை நம்பி யாரும் ஆளை ஏற்ற மாட்டார்கள். பழைய அடையாளத் தகடு, தேறிய சில பாகங்கள், பழைய வரைபடத்தின்படி புதிதாகச் செய்த மீதி. வருஷா வருஷம் ஓலை மாற்றிய குடிசை அதே குடிசைதானா என்றால் நாம் ஆம் என்றுதானே சொல்வோம்? அதே மாதிரி. அசல் தகடும் அசல் பெயின்ட்டும்தான் வேண்டும் என்பவர்கள், பறக்காமல் நிற்கும் விமானங்களின் பக்கம் போக வேண்டும்.

பிடிவாதத்துக்கு ஓர் உதாரணம் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம். பன்னிரண்டு வருஷம் உழைத்து 1987ல் ஒன்றைப் பறக்க வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் விழுந்து நொறுங்கியது. இன்னொன்றைத் தேடி எடுத்து 1993ல் பறக்க வைத்தார்கள். அது 2003ல் இங்கேயே இறங்கும்போது அடிபட்டது. மூன்றாவது தடவை, 2014 நவம்பரில், வேறு மூக்கோடு எழுந்தது. அந்த மூக்குக்குத் தனிக் கதை. போர் முடிந்த பின் ஒருவர் அந்த மூக்குப் பகுதியை மட்டும் வாங்கி, ஆஸ்டின் செவன் கார் அடிச்சட்டத்தில் ஏற்றி, கார் ஆக்கி ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். அதுவும் மின்சாரக் கார். ரோட்டில் ஓடியது திரும்ப வானத்துக்குப் போனது.

கான்கார்டு பயணிகள் விமானம் ஆச்சே, அது ஏன் இங்கே?

ஏவியேஷன் சொசைட்டி பிரிட்டிஷ் பயணிகள் விமானங்களையும் சேர்த்து வைக்கிறது, அதனால். இங்கே இருப்பது 101 என்ற சோதனை விமானம், டிக்கெட் வாங்கி யாரும் போனதில்லை. கான்கார்டுகளிலேயே அதிக வேகம் போனது இதுதான். 1974ல் ஒலியின் வேகத்தைப் போல் 2.23 மடங்கு. உள்ளே ஏறலாம், ஏறும் நேரத்தை அன்றைக்கே வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். சொகுசு சீட்டுகளை எதிர்பார்த்து ஏறினால் ஏமாற்றம்தான், இருப்பது சோதனைக் கருவிகள். நடைபாதை அவ்வளவு குறுகல் என்பது ஏறினால்தான் தெரியும். மாமா தலை இடிக்காமல் இறங்கியதே பெரிய விஷயம்.

1977 ஆகஸ்டில் இது பறந்து வந்து இறங்கியது. கொஞ்சம் தாமதித்திருந்தால் முடிந்திருக்காது. எம்-11 நெடுஞ்சாலைக்காக ஓடுபாதையின் கிழக்கு முனையை வெட்டிவிட்டார்கள். இனி அது இங்கிருந்து பறந்து போக முடியாது.

கூடவே நிற்கும் வெள்ளைக் குண்டுவீச்சு விமானம் டிஎஸ்ஆர்-2வையும் பாருங்கள். பிரிட்டன் பெரும் பணம் செலவழித்து உருவாக்கி, 1965 ஏப்ரலில் பட்ஜெட் நாளன்று ரத்து செய்த திட்டம். அந்த ரகத்தில் பறந்தது ஒன்றே ஒன்று. இங்கே நிற்பது பறக்கவே பறக்காத தம்பி.

அமெரிக்க மண்டபம் என்று சொல்கிறார்களே?

நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்தது, 1997ல் ராணி இரண்டாம் எலிசபெத் திறந்து வைத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் புல்மேட்டில் பாதி புதைந்த ஆமை ஓடு மாதிரி ஒரு கான்கிரீட் கூரை, முன்னால் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நடுநாயகமாக பி-52 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். அதன் இறக்கை நுனிக்கு நுனி 56 மீட்டர். அந்த இறக்கையை வைத்துத்தான் மண்டபத்தின் அளவையே தீர்மானித்தார்கள். வெட்டுப்பட்ட இந்த ஓடுபாதையிலேயே 1983ல் அது இறங்கியது என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். அதன் நிழலில் எஸ்ஆர்-71 என்ற கறுப்பு உளவு விமானம். அமெரிக்காவுக்கு வெளியே காட்சிக்கு இருப்பது இது ஒன்றுதான். 1976ல் ஏறக்குறைய 26 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து சாதனை படைத்தது இதே விமானம்.

வாசலுக்குப் போகும் சரிவில் இருபுறமும் கண்ணாடிப் பலகைகள் நிற்கும். உள்ளே போகும் அவசரத்தில் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மொத்தம் 52 பலகைகள். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன விமான உருவங்கள் செதுக்கியிருக்கும். எல்லாமாக 7,031. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனிலிருந்து கிளம்பித் திரும்பி வராத அமெரிக்க விமானங்கள். ஓர் உருவம் ஓர் ஆள் இல்லை. நான்கு எஞ்சின் உருவம் என்றால் அதற்குள் பத்துப் பேர் வரை இருந்திருப்பார்கள்.

அப்படியானால் இது போரைக் கொண்டாடும் இடமா?

சில மூலைகளில் ஆம், சில மூலைகளில் இல்லை. கடையில் ஸ்பிட்ஃபயர் சாவிக்கொத்து விற்கிறார்கள். கண்ணாடிப் பலகைகளுக்கு முன்னால் வந்து நின்று அழுகிறவர்களும் இருக்கிறார்கள். என் குறை வேறு. இங்கிருந்து போன குண்டு எங்கே விழுந்தது, கீழே யார் இருந்தார்கள் என்ற பக்கம் விமானங்களின் பளபளப்புக்கு முன்னால் சின்னதாகிவிடுகிறது. மண்டபத்தில் நிற்கும் பி-52டி ரகம் வியட்நாமில் குண்டு மழை பொழிந்த ரகம். அதன் கீழே நின்று செல்ஃபி எடுக்கும்போது என் மகள் "இதுக்குள்ள எத்தனை குண்டு வைப்பாங்க?" என்று கேட்டாள். பலகையைப் படித்துக் காட்டினேன். அப்புறம் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்த இடத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

வலிந்து தேட வேண்டியதில்லை, உண்டு. 1940 மே மாதம் 264வது ஸ்குவாட்ரன் டக்ஸ்ஃபோர்டுக்கு வந்தது. அதன் முழுப்பெயர் 264 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன். மெட்ராஸ் மாகாணத்தில் போர் நிதிக்குத் திரட்டிக் கொடுத்த பணத்துக்காகச் சூட்டப்பட்ட பெயர். இதே பெயர் 79, 234 ஸ்குவாட்ரன்களுக்கும் உண்டு. அந்த நிதிக்கு யார் யார் மனமுவந்து கொடுத்தார்கள், யாரிடம் கேட்டு வாங்கினார்கள் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

அவர்கள் ஓட்டியது டிஃபையன்ட் என்ற விசித்திரமான விமானம். பைலட்டுக்கு முன்னால் துப்பாக்கியே கிடையாது. முதுகுக்குப் பின்னால் சுழலும் கூண்டில் ஒருவர் நான்கு துப்பாக்கிகளோடு உட்கார்ந்திருப்பார். டன்கர்க் மேல் முதலில் ஜெர்மன்காரர்களைத் திகைக்க வைத்தது. நேர் முன்னாலிருந்தோ அடியிலிருந்தோ வந்தால் சுட முடியாது என்று அவர்கள் கண்டுகொண்டதும் கதை மாறியது. ஆகஸ்ட் கடைசியில் அடி மேல் அடி வாங்கி, பகல் சண்டையிலிருந்தே விலக்கி இரவு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். முழு விமானமாக மிஞ்சியிருப்பது உலகத்தில் ஒன்றுதான், அதுவும் இங்கே இல்லை, ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்திடம் இருக்கிறது.

இன்னொரு தொடர்பு எதிர்த்திசையில். போருக்குப் பின் இந்திய விமானப்படையிடம் இருந்த ஸ்பிட்ஃபயர்கள் பல, வேலை முடிந்து மூலையில் கிடந்தன. எழுபதுகளின் கடைசியில் பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் வந்து அவற்றை வாங்கிக் கப்பலேற்றினார்கள். டக்ஸ்ஃபோர்டில் பறந்திருக்கும் எம்வி293 என்ற ஸ்பிட்ஃபயர் அப்படி இந்தியாவிலிருந்து போனதுதான்.

ஏர் ஷோ நாளில் போவதா, சாதாரண நாளில் போவதா?

முதல் முறை என்றால் சாதாரண நாள். ஏர் ஷோ நாளில் கண்ணெல்லாம் வானத்தில் இருக்கும், ஹேங்கர் உள்ளே பார்க்க நேரமே இருக்காது, டிக்கெட்டும் தனி. இரண்டாம் முறை ஏர் ஷோவுக்குப் போங்கள். செப்டம்பரில் வழக்கமாக நடக்கும் பேட்டில் ஆஃப் பிரிட்டன் ஏர் ஷோவில் ஸ்பிட்ஃபயர்கள் கூட்டமாக எழும். மடக்கு நாற்காலியும் தொப்பியும் மழைக்கோட்டும் மூன்றும் எடுத்துப் போங்கள், ஒரே நாளில் மூன்றும் தேவைப்படும்.

அதில் ஆபத்து இல்லையா?

பறப்பவர்களுக்கு உண்டு. 1996ல் இங்கே நடந்த ஏர் ஷோவில் பி-38 விமானம் விழுந்து பைலட் இறந்தார். 2011ல் ஒரு மஸ்டாங்கும் ஸ்கைரைடர் என்ற இன்னொரு விமானமும் வானத்தில் மோதின. மஸ்டாங் பைலட் பாராசூட்டில் குதித்துத் தப்பினார், இறக்கை நுனி பிய்ந்த ஸ்கைரைடர் எப்படியோ இறங்கிவிட்டது. பார்வையாளர்களின் தலைக்கு மேல் சாகசம் செய்யக் கூடாது, இவ்வளவு தூரம் தள்ளித்தான் பறக்க வேண்டும் என்றெல்லாம் கடுமையான விதிகள் உண்டு.

நாமே ஸ்பிட்ஃபயரில் போக முடியுமா?

முடியும், இரண்டு சீட் ஸ்பிட்ஃபயர்களில் ஆளை ஏற்றிப் போகிறார்கள். ஆயிரக்கணக்கான பவுண்டு. ரூபாயில் கணக்குப் போடாதீர்கள், மனசு கெட்டுவிடும்.

கட்டணம் உண்டா? லண்டன் மியூசியம் இலவசம் ஆச்சே?

லண்டன் இலவசம், டக்ஸ்ஃபோர்டுக்கு டிக்கெட் வாங்க வேண்டும். குடும்பத்தோடு இரண்டு மூன்று தடவை போகிற எண்ணம் இருந்தால் உறுப்பினர் சந்தா கட்டுப்படியாகும். கிறிஸ்துமஸை ஒட்டி டிசம்பர் 24 முதல் 26 வரை மூடியிருக்கும்.

லண்டனிலிருந்து கார் இல்லாமல் வர முடியுமா?

லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து கேம்பிரிட்ஜ் ரயிலில் ஏறி விட்டில்ஸ்ஃபோர்டு பார்க்வேயில் இறங்குங்கள். அங்கிருந்து டாக்சி. நடக்கலாம் என்று மேப் சொல்லும், வண்டிகள் சீறும் சாலை ஓரம் குழந்தையோடு நடக்காதீர்கள். காரில் வந்தால் எம்-11ன் பத்தாவது சந்திப்பில் திரும்பினதும் வாசல்.

வயசானவர்களால் நடக்க முடியுமா?

தரை சமம், உட்கார பெஞ்ச் உண்டு, ஆனால் தூரம் தூரம்தான். என் அத்தையை ஆபரேஷன்ஸ் ரூம், கான்கார்டு நிற்கும் ஏர்ஸ்பேஸ் ஹால், அமெரிக்க மண்டபம் இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். டாங்கிகள் இருக்கும் தரைப்போர் ஹால் கடைசி முனையில். அங்கே போகத் தெம்பிருந்தால் பிரிட்டிஷ் ஜெனரல் மான்ட்கோமரி போர்க்களத்தில் தங்கிய வண்டி வீட்டைப் பார்க்கலாம். தெம்பில்லை என்றால் விட்டுவிடுங்கள். மொத்தம் ஐந்து மணி நேரமாவது வேண்டும்.

சாப்பாடு?

உள்ளே கஃபே உண்டு. சாண்ட்விச், உருளைக்கிழங்கு வறுவல், கேக். நம் ஆட்களுக்கு அது சாப்பாட்டுக் கணக்கில் சேராது. புளிசாதமும் உருளைப் பொரியலும் கட்டிக்கொண்டு போய், ஓடுபாதை ஓரப் புல்வெளி மேசையில் உட்கார்ந்து பிரியுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காற்று மட்டும் பலமாக அடிக்கும். போன தடவை டைகர் மாத் என்ற ஒரு பழைய விமானம் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு எங்கள் பக்கமாகத் திரும்பியது, அப்பளம் மொத்தமும் வேலியைத் தாண்டிப் போய்விட்டது.